யாரும் எழுப்பாமல் விட்ட நாடகம்

அண்ணாமலையாரைக் கும்பிடுகிற உங்கள் எல்லோருக்கும் கோமதி கைகூப்பிச் சொல்லிக்கொள்வது. நான் மேடையில் பேசிப் பழகியவள் இல்லை. ஆனால் எனக்கு நடந்ததை வெளியே சொல்லாமல் வைத்திருந்தால் நெஞ்சு அடைக்கிறது. அதனால் சொல்கிறேன்.

2002-ஆம் வருடம் சித்ரா பௌர்ணமி. அன்று காலையில் எனக்குப் பெண் குழந்தை பிறந்தது. மதியம் ஆவதற்குள் நான் சாகக் கிடந்தேன்.

பிரசவம் சுகமாகத்தான் ஆனது. குழந்தை அழுததைக் கேட்டேன். நர்சம்மா துணியில் சுற்றி என் கன்னத்தோடு வைத்துக் காட்டினார். அந்தச் சூடு இன்னும் கன்னத்தில் இருக்கிறது. அதற்குப் பிறகு ரத்தம் நிற்கவில்லை. டாக்டரம்மா ஊசி போட்டார், வயிற்றை அழுத்திப் பிடித்தார், என்னென்னவோ செய்தார். கொஞ்சம் நிற்பதுபோல் நிற்கும், மறுபடி போகும். என் கை கால் எல்லாம் ஜில்லிட்டுப் போனது. சித்திரை வெயிலில் எனக்குப் பல் கிட்டியது.

என் ரத்தம் ஓ நெகட்டிவ். எளிதில் கிடைக்காத வகை. அது எனக்கு முன்னாலேயே தெரியும், டாக்டரம்மாவுக்கும் தெரியும். அதற்காக ஓர் ஆளைச் சொல்லி வைத்திருந்தோம். அவருக்கு அந்த வாரம் பார்த்து மஞ்சள் காமாலை. குழந்தையும் சொன்ன நாளுக்கு முன்னாலேயே வந்துவிட்டது. அன்றைக்கு ஊரில் எங்கு கேட்டும் அந்த ரத்தம் இருப்பில் இல்லை. வேலூரிலிருந்து கொண்டுவர வேண்டும். பௌர்ணமிக் கூட்டத்துக்காகப் பஸ்ஸையெல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிறுத்தியிருந்தார்கள். ஆள் போய்த் திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகும் என்று யாருக்கும் தெரியவில்லை. "இப்போ ஒரு பாட்டில் ஏறினா தாங்கிடுவா, மிச்சம் வர்ற வரைக்கும்" என்று டாக்டரம்மா யாரிடமோ சொன்னது என் காதில் விழுந்தது.

சாவு எனக்குப் புதிதில்லை. அதற்கு முன்னால் நான் பல தடவை செத்திருக்கிறேன், இதே ஊர்த் தெருக்களில், நாலு பேர் பார்க்க. சிரிக்காதீர்கள். அதைச் சொன்னால்தான் மீதி விளங்கும்.

நான் கல்லூரியில் படித்தபோது எங்கள் தெருப் பிள்ளைகள் சிலர் சேர்ந்து ரத்த தானத்துக்காக ஒரு குழு வைத்திருந்தோம். முருகவேல் அண்ணன்தான் அதற்குத் தலை. நல்ல குரல், மைக் பிடித்தால் விடமாட்டார். என் சிநேகிதி ஜெயந்தி இன்னொருத்தி. குழுவில் எல்லோரும் ரத்தம் கொடுத்தவர்கள், என்னைத் தவிர. நான் அப்போது ஓமக்குச்சி மாதிரி இருப்பேன். எடை கம்மி என்று முகாமில் ஒவ்வொரு தடவையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கேலி தாங்காது. "ரத்தம் குடுக்க வக்கில்லை, பொணமாவாச்சும் படு" என்று முருகவேல் அண்ணன் ஒருநாள் விளையாட்டாகச் சொன்னார். அதுவே நிலைத்துவிட்டது. எங்கள் தெரு நாடகத்தில் நான் பிணம்.

நாடகம் ரொம்ப எளிது. முதல் பிரசவத்தில் ஒரு பெண்ணுக்கு ரத்தம் போகிறது. ரத்தம் கொடுக்க வீட்டில் ஒருத்தரும் வரவில்லை. புருஷன், "உடம்பு வத்திப் போயிடும், அப்புறம் எவன் ஏர் ஓட்டுறது" என்பான். மைத்துனன், "நான் மாலை போட்டிருக்கேன், விரதத்துல ரத்தம் சிந்தக் கூடாது" என்பான். ஜனம் இங்கே நன்றாகச் சிரிக்கும். ஏனென்றால் நிஜத்திலும் முகாமுக்குக் கூப்பிட்டால் எங்களுக்குக் கிடைத்த பதில் இதுதான். பிறகு அந்தப் பெண் செத்துப் போவாள். நான் பாயில் படுப்பேன். கால் கட்டை விரல் இரண்டையும் துணிக்கிழிசலால் சேர்த்துக் கட்டுவார்கள், நெற்றியில் காசு வைப்பார்கள். ஜெயந்தி அம்மா வேஷத்தில் ஓடிவந்து மாரடித்து ஒப்பாரி வைப்பாள்.

அந்தக் குரலை உங்களுக்கு எப்படிச் சொல்வது? ஜெயந்திக்குப் பாட்டு வராது. பள்ளிக்கூடத்தில் கடவுள் வாழ்த்துக்குக்கூட அவளைச் சேர்க்கவில்லை. ஆனால் அந்த ஒப்பாரியை எடுத்தாள் என்றால் சுண்டல் தின்றுகொண்டிருக்கிறவன் கை அப்படியே நிற்கும். முதலில் ஒரு கிறீச்சல், பிறகு தொண்டை உடைந்து, "பூ வச்ச தலை புழுதியில கெடக்குதே" என்று இழுப்பாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்கிற எனக்கு ஒவ்வொரு தடவையும் மயிர்க்கூச்செறியும். யாருக்காகவோ அழுகிறாள் என்று தோன்றாது. எனக்காகவே அழுகிறாள் என்று தோன்றும்.

அவள் அழுது முடித்ததும் முருகவேல் அண்ணன் ஜனத்தைப் பார்த்து, "இவளை எழுப்ப யார் வர்றீங்க?" என்று கேட்பார். கூட்டத்திலிருந்து யாராவது ஒருத்தர் முன்னால் வந்து, "நான் ரத்தம் தர்றேன்" என்று சொன்னால்தான் அடுத்தது நடக்கும். ஜெயந்தி என் முகத்தில் மஞ்சள் தண்ணீர் தெளித்து, "கோமதி, எந்திரிம்மா" என்பாள். நான் எழுந்து உட்காருவேன். அதற்குப் பிறகுதான் முகாம் எங்கே, எப்போது, யார் யார் கொடுக்கலாம் என்றெல்லாம் சொல்வோம்.

கோமதி என்று என் சொந்தப் பெயரைச் சொல்லி எழுப்ப வேண்டும் என்பது என் அம்மா போட்ட கட்டளை. அம்மா கூத்து பார்த்து வளர்ந்தவள். நான் பிணமாகப் படுக்கிறேன் என்று கேட்டதும் குதித்தாள். கல்யாணம் ஆகாத பெண்ணுக்குக் கால் விரலைக் கட்டுவார்களா என்று சண்டை. கடைசியில் ஜெயந்தியை உட்கார வைத்துச் சொன்னாள்.

"எங்க ஊர்க் கூத்துல செத்த வேஷம் கட்டினவனை எழுப்பாம விடமாட்டாங்க. தண்ணி தெளிச்சு, வேஷத்துப் பேரைச் சொல்லாம, அவனோட சொந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடுவாங்க. அப்பத்தான் அவன் அவனாத் திரும்பி வருவான். நீங்களும் என் பொண்ணை அப்படித்தான் எழுப்பணும். மறந்துடாதே ஜெயந்தி. அப்புறம் கிரிவலப் பாதையில எம லிங்கத்தாண்ட மட்டும் இந்த நாடகத்தைப் போடாதீங்க, சொல்லிட்டேன்."

நாங்கள் சிரித்தோம். ஆனாலும் அம்மா சொன்னபடியே செய்தோம்.

1998 ஐப்பசிப் பௌர்ணமி. கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலை தாண்டி ஒரு புளியமரத்தடியில் நாடகம். சாயங்காலம். கிரிவலம் வருகிறவர்கள் செருப்பில்லாமல் நடப்பார்கள், உங்களுக்குத் தெரியும். நான் தரையோடு தரையாகப் பாயில் கிடப்பதால் வெறுங்கால் சத்தம்தான் எனக்கு உலகம். தொப் தொப்பென்று கால்கள் வரும், சில கால்கள் நிற்கும், மற்றவை போகும். அன்றைக்கு நிறையக் கால்கள் நின்றன. ஜெயந்தி ஒப்பாரி எடுத்தாள். எடுத்த பாதியில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. காற்று வேறு.

மைக் செட்டு வாடகைக்கு எடுத்தது. மின்சாரம் ஓடுகிற வயர் தரையில் கிடந்தது. முருகவேல் அண்ணன் "ஒயரைப் புடுங்கு, ஒயரைப் புடுங்கு" என்று கத்தினார். ஜெயந்தி ஆம்ப்ளிஃபையரைத் தன் முந்தானையில் பொத்திக்கொண்டு ஓடினாள். ஜனம் கலைந்து ஓடியது. எல்லோரும் ஓடினார்கள்.

நான் படுத்திருந்தேன். கூப்பிடாமல் கண்ணைத் திறக்கக் கூடாது என்று பழகியிருந்தேன். இதோ கூப்பிடுவாள், இதோ கூப்பிடுவாள் என்று இருந்தேன். என் முகத்தில் மழை விழுகிறது. நெற்றிக்காசு வழுக்கிக் காதுக்குப் பின்னால் விழுந்தது. காலடிகள் என்னைச் சுற்றிக்கொண்டு ஓடின, சில என்னைத் தாண்டியும் ஓடின. ஒரு காலடிகூட நிற்கவில்லை. அப்புறம் காலடிகளே இல்லை. மழைச் சத்தம் மட்டும்.

அந்த நேரத்தில் எனக்கு ஒரு பயம் வந்தது. அதை இன்றுவரை என்னால் முழுசாகச் சொல்ல முடியவில்லை. நான் நிஜமாகவே செத்துவிட்டேன், அதனால்தான் எல்லோரும் போய்விட்டார்கள் என்று நினைத்தேன். கண்ணைத் திறக்கப் பயம். திறக்கப் பார்த்துக் கண் திறக்காமல் போய்விடுமோ என்று பயம். கடைசியில் நானாக எழுந்தேன். கட்டை விரல் கட்டு நனைந்து இறுகிப்போய் அவிழவில்லை. எதிரே கடைகளில் தார்ப்பாயை இறக்கிவிட்டு ஜனம் ஒண்டி நின்றிருந்தது. விரல் கட்டோடு தத்தித் தத்தி மரத்துக்குப் பின்பக்கம் போய், அதைப் பிடித்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் ஜெயந்தி அழுதுகொண்டே நடந்ததைச் சொன்னாள். அம்மா அவளைத் திட்டவில்லை. என் விரல் கட்டைக் கத்தரிக்கோலால் வெட்டினாள். மஞ்சள் தண்ணீர் கரைத்துத் தெளித்து வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டாள். ஆனால் கூப்பிட்ட அவளுக்கே அதில் நம்பிக்கை இல்லை. "விட்ட இடத்துல, விட்டவங்க கூப்பிடணும்டி. கூப்பிடாம எழுந்துட்டியே" என்றாள். சரி, அடுத்த பௌர்ணமிக்கு அதே இடத்தில் மறுபடி படுக்கிறேன், ஜெயந்தி எழுப்பட்டும் என்றேன். மறுபடி அந்த வேஷத்துக்கு அனுப்பவே மாட்டேன் என்று அம்மா பிடிவாதம். அனுப்பவுமில்லை. குழுவும் மெல்லக் கலைந்தது. முருகவேல் அண்ணனுக்கு வேங்கிக்காலில் வேலை கிடைத்தது. ஜெயந்திக்குக் கல்யாணம்.

எனக்கு மட்டும் அந்த நாடகம் முடியவில்லை.

கனவில் காலடிகள் வரும். பாயில் கிடப்பேன், மழை பெய்யும், வெறுங்கால்கள் என்னைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும். எழ நினைப்பேன், கால் விரல் கட்டியிருக்கும். விழித்த பிறகும் கட்டை விரலைத் தடவிப் பார்ப்பேன். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் போதும், வீட்டில் ஒரு வேலை ஓடாது. தெருவில் சின்னப் பிள்ளைகள் என்னைப் பார்த்தால், "பொண அக்கா வருது" என்று ஓடுவார்கள். பெண் பார்க்க வந்த ஒரு வீட்டில் மாப்பிள்ளையின் அத்தை என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "இது செத்துப் போன பொண்ணாச்சே" என்று காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். அந்தச் சம்பந்தம் அப்படியே போயிற்று. ஜெயந்தியும் நானும் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். சிரித்துவிட்டு நான் தனியாகப் போய் அழுதிருக்கிறேன்.

பிறகு சேகர் என்னைக் கட்டிக்கொண்டார். பம்பு செட்டு ரிப்பேர் செய்கிறவர், பேய் பிசாசு எதற்கும் அசராதவர். "நீ செத்திருந்தா சாம்பார்ல இவ்வளவு உப்பு போடுவியா?" என்பார். ஆனால் எனக்கு நாள் தள்ளிப்போனது தெரிந்ததும் பழைய பயம் திரும்பி வந்துவிட்டது. நாடகத்தில் அவள் எப்படிச் செத்தாள்? முதல் பிரசவத்தில், ரத்தம் இல்லாமல். நான் படுத்துக் காட்டியதெல்லாம் எனக்காகவே எழுதி வைத்ததுபோல் ஆகிவிட்டது.  அம்மா தினமும் பெரிய கோயிலுக்குப் போய் வந்தாள். நானும் மலையைப் பார்த்துக் கும்பிட்டேன், ஆனால் உள்ளே நம்பிக்கை இல்லை. பயந்தவள் கும்பிடுவது வேறு, நம்பினவள் கும்பிடுவது வேறு. நான் வெறும் பயத்தில் கும்பிட்டேன்.

இப்போது மறுபடி அந்தச் சித்ரா பௌர்ணமிக்கு வருகிறேன்.

சேகரும் முருகவேல் அண்ணனும் வேலூருக்குக் கிளம்பிப் போயிருந்தார்கள். அம்மா வெளியே குழந்தையை வைத்துக்கொண்டு நின்றாள். செய்தி கேட்டு ஓடிவந்த ஜெயந்தி, "ஊருல இத்தனை ஜனம் மலையைச் சுத்துது. இதுல ஒருத்தர் கூடவா இருக்கமாட்டாங்க?" என்று சொல்லிவிட்டு வெளியே ஓடினாளாம். இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. எனக்கு அப்போது தெரிந்தது ஜன்னல் மட்டும்தான். ஆஸ்பத்திரி ஜன்னலுக்கு வெளியே தெரு. தெருவில் கிரிவலத்துக்குப் போகிற ஜனம். வெறுங்கால்கள்.

அதே சத்தம். தொப் தொப்பென்று வந்து என்னைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. கண்ணை மூடினால் முகத்தில் மழை விழுந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த வெயிலில் என் முகத்தில் மழை விழுந்தது. கால் கட்டை விரலை அசைக்கப் பார்த்தேன், அசையவில்லை. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்தப் புளியமரத்தடியை விட்டு நான் எழவே இல்லை. கல்யாணம், சேகர், குழந்தை எல்லாம் அங்கே படுத்துக்கொண்டு கண்ட கனவு. யாரும் எழுப்பவில்லை.

அன்றைக்குத்தான் என் வாழ்க்கையில் முதல்முறையாகப் பயமில்லாமல் கும்பிட்டேன். பயப்படக்கூடத் தெம்பு இல்லை. பதிகம் தெரியாது, மந்திரம் வரவில்லை. உதட்டை அசைக்காமல் உள்ளுக்குள்ளே சொன்னேன்.

"அண்ணாமலையாரே, நான் இன்னும் அங்கேயேதான் படுத்திருக்கேன். எனக்குத் தானா எழுந்திரிக்கத் தெரியலை. யாரையாவது அனுப்பி என் பேரைச் சொல்லிக் கூப்பிடுப்பா."

எவ்வளவு நேரம் ஆனதோ தெரியாது. வெளியிலிருந்து, கரகரவென்று, ஆகாயத்திலிருந்து வருவதுபோல் ஒரு குரல் கேட்டது.

"கோமதி... கோமதி... எங்கிருந்தாலும் உடனே வரவும்."

என் உடம்பு தூக்கிப் போட்டது. எமன்தான் கூப்பிடுகிறான் என்று நினைத்தேன்.

நடந்தது இதுதான். பௌர்ணமியன்று மலையைச் சுற்றிக் கம்பத்துக்குக் கம்பம் ஒலிபெருக்கி கட்டியிருப்பார்கள். கூட்டத்தில் தவறிப்போனவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். ஜெயந்தி அந்த மைக் இருக்கிற பந்தலுக்கு ஓடியிருக்கிறாள். ஓடிய ஓட்டத்தில் மூச்சு வாங்குகிறது, அழுகை வேறு. "கோமதி... எங்க கோமதி..." என்பதற்கு மேல் வாயில் வார்த்தை வரவில்லை. அங்கே இருந்த அண்ணன் காலையிலிருந்து அழுதுகொண்டு வருகிறவர்களையே பார்த்துக்கொண்டிருக்கிறார். இதுவும் காணாமல் போன கேஸ் என்று முடிவு செய்துவிட்டார். "கவலைப்படாதேம்மா, கூப்பிடலாம்" என்று இவளை உட்கார வைத்துவிட்டு, வழக்கமாகச் சொல்வதையே சொல்லிவிட்டார். மலையைச் சுற்றி எல்லாக் கம்பத்திலும் என் பெயர். அடி அண்ணாமலைப் புளியமரத்துக்கு எதிரே இருக்கிற கம்பத்திலும்.

"ஐயோ, காணாமப் போகலைண்ணா, ரத்தம் வேணும்" என்று ஜெயந்தி அவர் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினாள். பிடுங்கிவிட்டாளே தவிர, பேச வரவில்லை. நாடகத்தில் அவ்வளவு வசனம் பேசினவள். வாயைத் திறந்ததும் வந்தது அந்தக் கிறீச்சல்தான். பிறகு தொண்டை உடைந்து, அழுது அழுது, "ஓ நெகட்டிவ் ரத்தம் இருக்கிறவங்க வாங்க, பிள்ளை பெத்தவ கெடக்குறா, யாராச்சும் வாங்களேன்" என்று சொன்னாள். ஆஸ்பத்திரிப் பெயரை அந்த அண்ணன்தான் கேட்டுச் சேர்த்துச் சொன்னாராம்.

அடி அண்ணாமலையில் பாக்கியம் என்று ஓர் அக்கா. பாதையோரம் நீர்மோரும் வெள்ளரிக்காயும் விற்கிறவர். ஒலிபெருக்கியில் எத்தனையோ அறிவிப்பு வரும், அந்த அக்கா எதையும் காது கொடுத்துக் கேட்பதில்லை. கோமதி என்று கூப்பிட்டதையும் கேட்கவில்லை. ஆனால் அந்தக் கிறீச்சலைக் கேட்டதும் மோர்ச் சொம்பு கையிலிருந்து நழுவியதாம். அந்தக் குரல் அவருக்குத் தெரியும். கடையைப் பக்கத்தில் இருந்தவரிடம் விட்டுவிட்டு, கூட்டத்துக்கு எதிர்த்திசையில் ஓடி, ஓர் ஆட்டோவை மறித்து ஏறி வந்திருக்கிறார். அவருடைய ரத்தம் ஓ நெகட்டிவ்.

ஆஸ்பத்திரி வாசலில் ஜெயந்தியைப் பார்த்ததும் அவர் முதலில் கேட்டது ரத்தத்தைப் பற்றி இல்லை.

"நீதானே அன்னைக்கு மழையில ஒப்பாரி வச்சது? அந்தப் பொண்ணு எழுந்துச்சாம்மா?"

 அம்மாதான் பதில் சொன்னாளாம். "இல்லைம்மா. இன்னும் எழுந்திரிக்கலை. உள்ளே கெடக்கிறா."

ஐப்பசி மழையில் எதிர்க்கடைத் தார்ப்பாய்க்கு அடியில் ஒண்டி நின்றவர்களில் பாக்கியம் அக்காவும் ஒருத்தர். நான் மழையில் தனியாகக் கிடந்ததைப் பார்த்திருக்கிறார். அவரே எனக்குச் சொன்னதைச் சொல்கிறேன்.

"நாடகம்தானேன்னு நின்னுட்டேன்மா. ஆனா நீ அசையவே இல்லை. எனக்குத் திக்குனு ஆயிடுச்சு. ஓடி வந்து எழுப்பலாம்னு பார்த்தா, மழை ஜாஸ்தி, இடுப்புல குழந்தை. காத்துல தார்ப்பா வந்து மூஞ்சியில அடிச்சு மறைச்சுடுச்சு. விலக்கிப் பார்த்தா பாயி மட்டும் கெடக்குது, உன்னைக் காணோம். எழுந்து போனியா, தூக்கிட்டுப் போனாங்களா, ஒண்ணும் தெரியலை. அப்புறம் எனக்குத் தூக்கம் வந்தாத்தானே. நீ வந்து வந்து நிக்கிறே. அடுத்த முகாம் எங்கன்னு விசாரிச்சுப் போயி ரத்தம் குடுத்தேன். குடுத்தா அந்தப் பொண்ணு எழுந்திரிச்சிடும்னு ஒரு இது. அப்பத்தான் என் ரத்தம் இன்னா ரத்தம்னே எனக்குத் தெரிஞ்சுச்சு. வருஷா வருஷம் குடுக்கிறேன். ஆனாலும் நீ எழுந்தியா இல்லையான்னு எனக்குத் தெரியலையே."

கேட்டீர்களா? நான் கனவில் காலடிகளைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்த அதே காலத்தில், அடி அண்ணாமலையில் ஒருத்தி நான் எழுந்தேனா என்று தெரியாமல் தூக்கம் கெட்டுக் கிடந்திருக்கிறாள். நாங்கள் ஒழுங்காக முடித்த நாடகங்களைப் பார்த்தவர்கள் கைதட்டிவிட்டுப் போனார்கள். முடியாமல் போன ஒன்றுதான் ஒருத்தி மனசில் தங்கி, அவளை முகாமுக்கு நடத்தி, அவள் ரத்தத்தை அவளுக்கே தெரியப்படுத்தி வைத்தது. அன்றைக்கு மழை பெய்ததற்காக நான் எத்தனை நாள் அண்ணாமலையாரைக் கோபித்துக்கொண்டிருக்கிறேன்.

சோதனையெல்லாம் முடித்து, பாக்கியம் அக்காவின் ரத்தம் எனக்கு ஏற ஆரம்பித்தது. அவரை வீட்டுக்குப் போகச் சொல்லியும் போகவில்லை. ஜெயந்தியிடம் என் பெயரைக் கேட்டுக்கொண்டு, ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகிறேன் என்று நர்சம்மாவிடம் கெஞ்சி உள்ளே வந்தார். எனக்கு இதெல்லாம் தெரியாது. நான் பாயில் கிடந்தேன். காலடிகள் போய்க்கொண்டிருந்தன.

ஒரு காலடி நின்றது.

எனக்கு மேலே யாரோ குனிவது தெரிந்தது. மோர் வாசனையும் வியர்வை வாசனையும் வந்தது. பிறகு, நான் அதற்குமுன் கேட்டேயிராத ஒரு குரல், கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னது.

"கோமதி, எந்திரிம்மா."

கண்ணைத் திறந்தேன்.

ரத்தம் ஏறியதால் தெளிந்தாய் என்று டாக்டரம்மா சொல்வார். அது சரிதான், நான் மறுக்கமாட்டேன். சாயங்காலம் வேலூரிலிருந்து சேகரும் முருகவேல் அண்ணனும் மீதி ரத்தத்தோடு வந்து சேர்ந்தார்கள். அந்த முதல் பாட்டில் மட்டும் இல்லை என்றால் அவர்கள் வந்தும் பிரயோஜனம் இருந்திருக்காது. நான் கேட்டது ரத்தம் இல்லை. யாரையாவது அனுப்பி என் பெயரைச் சொல்லிக் கூப்பிடு என்று கேட்டேன். அண்ணாமலையான் முதலில் மலையைச் சுற்றிக் கூப்பிட வைத்தான். அது போதாதென்று ஆளையும் அனுப்பினான்.

பயம் முழுசாகப் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். ஐப்பசி மழை பெய்தால் இன்றைக்கும் கால் விரலைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன். சில சமயம் துணி துவைக்கும்போது அந்த ஒப்பாரி எங்கிருந்தோ கேட்கிற மாதிரி இருக்கும். நிமிர்ந்து மலையைப் பார்ப்பேன். கேட்கட்டும் என்று விட்டுவிடுவேன். அந்தக் குரல்தானே எனக்கு ஆளைக் கூட்டி வந்தது.

மறு வருடம் ஐப்பசிப் பௌர்ணமிக்கு அதே புளியமரத்தடியில் அதே நாடகத்தைப் போட்டோம். முருகவேல் அண்ணன் தலையில் கொஞ்சம் வழுக்கை. ஜெயந்தி பிள்ளையைக் கீழே விட்டுவிட்டு வந்து ஒப்பாரி எடுத்தாள். நான் பாயில் படுத்தேன். என் கால் விரலை அம்மாவே கட்டினாள்.  "இவளை எழுப்ப யார் வர்றீங்க?" என்று அண்ணன் கேட்டு வாயை மூடுவதற்குள் பாக்கியம் அக்கா வந்துவிட்டார். கூட்டம் சிரித்தது. அவர் மஞ்சள் தண்ணீர் தெளித்துக் கூப்பிட, நான் எழுந்தேன். அன்றைக்குத்தான் அம்மா நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

பிள்ளை பெற்ற பிறகு எனக்கு உடம்பு போட்டது. இரண்டு வருடம் கழித்து, முகாமில் முதல்முறையாக என்னைத் திருப்பி அனுப்பவில்லை. ஊசி ஏறும்போது அழுதுவிட்டேன். வலி என்று நினைத்து ஊசி குத்திய பெண் மன்னிப்புக் கேட்டாள். என் ரத்தம் யாருக்குப் போகிறது என்று கேட்டேன், சொல்லமாட்டார்களாம். பரவாயில்லை. பெயர் தெரியாத அந்த ஆளை நான் மனசுக்குள் கூப்பிட்டேன்.

அன்பானவர்களே, என் போல் பயந்துகொண்டு கும்பிடுகிறவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். கெட்டது நடந்த இடத்திலேயே மனசு படுத்துக்கொண்டு எழ மறுக்கும். அதைப் போய் மலையிடம் அப்படியே சொல்லுங்கள். அழகாகச் சொல்ல வேண்டாம். நான் இன்னும் இங்கேதான் கிடக்கிறேன் என்று சொன்னால் போதும், அவனுக்குக் கேட்கும். ரத்தம் கொடுக்க உடம்பில் தெம்பு இருப்பவர்கள் போய்க் கொடுங்கள். விரதம் கெட்டுவிடும் என்று நினைக்காதீர்கள். உங்கள் பக்கத்தில் யாராவது விழுந்து கிடந்தால், அது நாடகமா நிஜமா என்று தார்ப்பாய்க்கு அடியில் நின்று யோசிக்காதீர்கள். போய் அவர்கள் பெயரைக் கேட்டு, ஒரு தரம் கூப்பிட்டுப் பாருங்கள்.

என் மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். காலையில் எழுப்புவது பெரும்பாடு. போர்வையை இழுத்து, தண்ணீர் தெளித்து, கத்திக் கத்தி என் தொண்டை போய்விடும். சேகர் சிரிப்பார். அவள் கண்ணைத் திறக்கும்வரை நான் அந்த இடத்தை விட்டு நகரமாட்டேன்.